மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்

வெள்ளக் காலத்தில் பகல் இரண்டேகால் மணிக்கு ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரைக்குப் போகிறவர்கள் அழகியமணவாளன் குளிப்பதைப் பார்க்கலாம். காலையில் வீட்டுக் கிணற்றடியில் ஒருமுறை குளித்தாயிற்று. சாயங்காலம் சந்தியாவந்தனத்துக்கு முன்னால் இன்னொருமுறை குளிப்பார். நடுவில் இந்த மூன்றாவது குளியல் எதற்கு என்பது பற்றி வடக்கு உத்தர வீதியில் பல அபிப்பிராயங்கள் உண்டு. உடம்புச் சூடு என்றார்கள். வேண்டுதல் என்றார்கள். ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து மூலம் வந்துவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இது அழகியமணவாளன் காதிலும் விழுந்தது. உண்மையைச் சொல்வதைவிட மூலம் தேவலை என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரு மைக்கில் ஆரம்பிக்க வேண்டும்.

அழகியமணவாளன் ஆற்றுக் கண்காணிப்பு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் சேர்ந்தவர், பதின்மூன்று வருஷம் கொள்ளிடத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதை மூன்று பிரதிகள் டைப் அடித்து மேலே அனுப்பினார். பெரும்பாலான மாதங்களில் கொள்ளிடத்தில் மணல்தான் இருக்கும். அதையும் மூன்று பிரதிகள் அடித்தார். அதற்குமேல் அவர் வாழ்க்கையில் விசேஷம் என்று ஒன்று உண்டென்றால், குரல். பெருமாள் கோஷ்டியில் இரண்டாம் வரிசையில் நாலாவது ஆளாக நின்று அவர் பாசுரம் சேவிக்கும்போது, அடுத்த பிராகாரத்தில் புளியோதரை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் உதவி இன்ஜினியர் தர்மராஜ். அறுபத்திரண்டில் அலுவலகத்துக்கு இரண்டு வயர்லெஸ் செட்டுகள் வந்தபோது, கரையில் உட்கார்ந்து பேச யாரைப் போடலாம் என்று அவர் இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இந்த ஆளுக்குச் செட்டே தேவைப்படாமல் போகலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கிறது.

செட்டுகள் இரண்டும் கப்பல்காரர்கள் பேசுகிற வி.எச்.எஃப். செட்டுகள். ஏதோ ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகுகளிலிருந்து கழற்றி ஏலத்தில் விட்டவை. ஒன்று ஸ்ரீரங்கத்துக் கரையில் ஓடு வேய்ந்த ஓர் அறைக்கு, இன்னொன்று கொள்ளிடத்தில் ரோந்து போகும் மோட்டார் படகுக்கு. படகை ஓட்டுகிறவன் பிச்சமுத்து. அவனுக்குத் தண்ணீர் தெரியும், எஞ்சின் தெரியும், மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும் என்றபோது மட்டும் மாப்பிள்ளை அழைப்பில் பாடச் சொன்னதுபோல் நெளிந்தான்.

செட்டுகளைப் பொருத்த வந்தவர் பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தாஜுதீன். பத்து வருஷம் பினாங்கு துறைமுகத்தில் படகுச் செட்டுகளைப் பார்த்துக்கொண்டவர். ஒல்லி. பேசிக்கொண்டே வேலை செய்வார், வேலை முடிந்தும் பேசுவார். அறைக்கு வெளியே நாற்பதடி இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஏரியல் கட்டி, கம்பியை ஜன்னல் வழியாக இறக்கினார். லாரி பாட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃப்யூஸ் வைத்தார். செட்டுப் பக்கம் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது ஃப்யூஸ் வேடிக்கைதான் பார்க்கும் என்றார். பிறகு அழகியமணவாளனை உட்கார வைத்து, விதிகளைச் சொன்னார்.

"முதல்ல ஏரியல், அப்புறம்தான் சுவிட்சு சாமி. ஏரியல் இல்லாம பட்டனை அமுக்கினீங்கன்னா, போற பவர் வெளிய போக வழியில்லாம திரும்பி வந்து வால்வைக் கருக்கிடும். அமுக்கினதும் ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசுங்க, இல்லேன்னா முதல் வார்த்தை அறுந்துபோயிடும். பேசி முடிச்சதும் விரலை எடுத்துடணும். நீங்க அமுக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா, அங்க ஒருத்தன் முங்கிக்கிட்டே கத்தினாலும் உங்களுக்குக் கேக்காது."

"ஆபத்துன்னா என்ன சொல்லணும் பாய்?"

"ஆபத்துன்னு மூணு தடவை சொல்லணும். அது காதுல விழுந்தா மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கணும். பினாங்குல வெள்ளைக்கார கேப்டன்கூட மூடிக்குவான். கடைசியா ஒண்ணு. மைக்கு வாயிலேர்ந்து ரெண்டு விரல்கடை. அதுக்கு மேல தள்ளிப் பிடிச்சா, உங்க பேச்சை விட்டுட்டுக் காத்து பேசுறதைத்தான் எடுத்துக்கிட்டுப் போகும். கிட்ட வச்சு மெதுவாப் பேசணும். கத்தக் கூடாது."

அழகியமணவாளன் எல்லாவற்றையும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, பெருமாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். மொத்தம் எட்டு விதிகள். எட்டாவது, இரண்டு விரல்.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவர் முறை. இரண்டிலிருந்து பத்து வரை பிலோமின்ராஜ். பத்துக்குமேல் டெலிபோன் போதும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. வெள்ளத்துக்கு இந்த முடிவைத் தெரிவித்தார்களா என்பது தெரியாது. பிலோமின்ராஜ் நல்ல மனுஷன், கலகலப்பானவன், வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். விதியில் சொன்ன இரண்டு விரலைக்கூட அதிகம் என்று நினைத்து, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பேசுவான். அவன் பேச்சு படகில் கணீரென்று கேட்டது.

இரண்டாம் நாள் காலை அழகியமணவாளன் மைக்கைக் கையில் எடுத்தார். அதன் வாய்ப்பக்கத் துளைகளில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழகியமணவாளன் பிறந்து நாற்பது வருஷத்தில் ஒரு பாத்திரத்தையும் உதட்டில் வைத்ததில்லை. காப்பியோ தீர்த்தமோ, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து, தொண்டைக்குள் நேராக விடுவார். கொதிக்கிற காப்பியானாலும் அப்படித்தான். இதில் அவர் ஜாதி பார்த்தார், மதம் பார்த்தார் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். பெற்ற பிள்ளை குடித்த டம்ளரையும் அவர் தேய்க்காமல் தொட்டதில்லை. எச்சில் என்றால் எச்சில், அவ்வளவுதான்.

முதலில் அவர் நியாயமான வழியில்தான் போனார். ஈரத் துண்டால் மைக்கை நன்றாகத் துடைத்தார். திருப்தி ஏற்படாமல் பூஜை உத்தரணியால் ஒரு கரண்டி தண்ணீரும் விட்டார். மைக் ஊமையாகிவிட்டது. தாஜுதீன் பாலக்கரையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, மைக்கைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார்.

"இதுக்குள்ள எப்படி சாமி தண்ணி போச்சு?"

"சாரல்," என்றார் அழகியமணவாளன்.

மழை பெய்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. தாஜுதீன் ஜன்னலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு ஒரு தகரம் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்தபடியாக, 'பணித் திறனை முன்னிட்டு' இன்னொரு மைக் வேண்டுமென்று அழகியமணவாளன் மூன்று பிரதிகளில் கடிதம் அடித்தார். ஒரு செட்டுக்கு ஒரு மைக்தான் அனுமதி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. டம்ளரை எவ்வளவு தூரத்தில் பிடிப்பாரோ அவ்வளவு தூரத்தில் மைக்கைப் பிடித்தார். குறைவதைக் குரலால் ஈடுகட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் குரல்தானே அவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது.

அன்றைக்கே படகிலிருந்து பிச்சமுத்து சொன்னான்: "சார், காத்து அடிக்குது சார். மனுசக் குரல் எங்கயோ கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்குது."

பழுதுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. தேதி, பழுது, செய்த ரிப்பேர், காரணம் என்று நாலு கட்டங்கள். தினம் கேட்கும்போது நீர்மட்டம் சொல்ல வேண்டிய படகு பதில் சொல்லவில்லை என்றால் அதில் எழுதித்தான் ஆக வேண்டும். அழகியமணவாளன் எழுதினார். பொய் எழுதவில்லை. 'படகில் குரல் கேட்கவில்லை' என்று எழுதினார். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

தாஜுதீன் வந்தார். தானே மைக்கை எடுத்து இரண்டு விரல்கடையில் பிடித்துப் பேசினார், பளிச்சென்று போனது. அவர் பஸ் ஏறியதும் மறுபடி காற்று அடித்தது. இரண்டு நாள் கழித்து வந்து ஏரியல் கம்பியை முழுக்க மாற்றினார். காற்று அடித்தது. கம்பத்தில் ஏறி உச்சி முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். காற்று அடித்தது. பாட்டரியை மாற்றினார், மைக்கின் உள்ளுறுப்பை மாற்றினார், செட்டைத் திறந்து ஒவ்வொரு ஈயப் பற்றையும் திரும்ப உருக்கி வைத்தார். இத்தனைக்கும், சோதிக்கும்போது ஒன்று அவர் கம்பத்து உச்சியில் இருப்பார் அல்லது மைக் அவர் கையில் இருக்கும். அழகியமணவாளன் பேசுவதை அவர் ஒரு தடவையும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குரலை யார் சந்தேகப்படுவார்கள்?

"சாயங்காலம் நல்லா இருக்குன்றாங்க, காலையிலதான் இப்படி. பனி எறங்குதோ என்னவோ," என்றார் ஒருநாள். ஆடி மாசம் அது. பகல் இரண்டு மணி வரை காயாத பனி திருச்சியில் எந்த மாசத்திலும் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இருக்கலாம்," என்றார் அழகியமணவாளன்.

மூன்றாவது முறை கம்பம் ஏறியபோது தாஜுதீனுக்குக் கால் வழுக்கி முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. கீழே இறங்கி, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தார். "மச்சான் அனுப்பினது. புள்ளைங்களுக்குக் கொடுங்க. பழம்தானே சாமி, பரவாயில்லைல்ல?" என்றார். அழகியமணவாளனுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னால் என்ன சொல்வது? உங்கள் வாய்பட்ட மைக்கை என் வாயருகே கொண்டுபோக முடியவில்லை என்றா? ரத்தம் வழிகிற மனுஷனிடமா? பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் மறுநாள் ஒரு சாண் தூரத்தில்தான் பிடித்தார்.

பழுதுப் புத்தகத்தில் பதினோரு வரிகள் சேர்ந்துவிட்டன.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தாஜுதீன் கருவிப் பெட்டியும் ஒரு மூங்கில் கழியுமாக வந்து நின்றார். அன்றைக்குக் கடையையும் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன் சாமி. நானே படகுல போறேன். மேற்க ரெண்டு மைல்ல நடு ஆத்துல ஒரு திட்டு இருக்குல்ல, அங்க எறங்கி, தனியா ஒரு ஏரியல் நட்டு உக்காந்து கேக்கறேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருங்க. காத்து எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்காம கரைக்கு வரமாட்டேன்."

"எதுக்கு பாய் அவ்வளவு சிரமம்," என்றார் அழகியமணவாளன். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

படகு வளைவு தாண்டிப் போய் மறைந்தது. எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் அழகியமணவாளன் ஒரு சாண் தூரத்திலிருந்து பேசினார். தாஜுதீன் அந்தப் பக்கத்திலிருந்து, "காத்துதான் சாமி" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டெலிபோன் அடித்தது. மேற்கே அணை இருக்கிற முக்கொம்பிலிருந்து. மேலே எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் வந்துவிட்டது, ஒன்பதரைக்கே கொள்ளிடத்துக் கதவுகளைத் திறந்தாயிற்று, லைன் இப்போதுதான் கிடைத்தது, ஆற்றில் யாராவது இருந்தால் உடனே ஏற்றிவிடுங்கள் என்றது குரல். அழகியமணவாளன் கணக்குப் போட்டார். பதின்மூன்று வருஷம் இதைத்தானே டைப் அடித்தார். பத்தரைக்குத் திட்டு இருக்காது.

அறையில் வேறு ஆள் கிடையாது. கரையோடு ஓடிப் போனாலும் இரண்டு மைல், அங்கிருந்து கத்தினாலும் அரை மைல் அகல ஆற்றின் நடுவுக்குக் கேட்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர் குரலுக்கும் மற்றவர் குரலுக்கும் வித்தியாசம் இல்லை. மைக்கை எடுத்தார்.

"படகு ஒண்ணு, படகு ஒண்ணு, கரை பேசறது. முக்கொம்புல தண்ணி திறந்துட்டா. உடனே கிளம்பி வாங்கோ. ஓவர்."

"கரை, படகு ஒண்ணு," என்று தாஜுதீன் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "சாமி, இதேதான்! இந்தக் காத்துதான்! இப்பத்தான் கையும் களவுமா மாட்டியிருக்கு. நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே இருங்க, நான் ஏரியலைத் திருப்பிப் பாக்கறேன். ஓவர்."

அழகியமணவாளன் எழுந்து நின்றுகொண்டார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஓட்டுக்கு அடியில் இருந்த புறா ஒன்று பறந்து போனது. தண்ணி, தண்ணி என்று நாலு தடவை கத்திவிட்டு விரலை எடுத்தார்.

"இன்னும் மோசமா இருக்கு சாமி. கரகரன்னு வருது. ரொம்ப நல்ல டெஸ்டு. இன்னும் பத்து நிமிஷம் இப்படியே பேசுங்க, புடிச்சுடுவேன். ஓவர்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் பேசாமல் இருந்தாலாவது அந்த மனுஷன் சலித்துப்போய்க் கிளம்பியிருப்பார். அவர் கத்தக் கத்த, பழுதைப் பிடித்துவிடலாம் என்று திட்டிலேயே உட்கார்ந்திருப்பார். பிச்சமுத்துவும் கூடவே உட்கார்ந்திருப்பான். இல்லாத பழுதுக்காக இரண்டு உயிர்.

சுவரில் எட்டாவது வரி அவர் கையெழுத்திலேயே இருந்தது. கடிகாரத்தில் பத்தைத் தாண்டி இரண்டு நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுவந்தார். கண் மூடியிருந்ததில் இரண்டு விரல் தூரமும் போய், உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. புகையிலை வாசனை மூக்கில் ஏறியது. பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"ஆபத்து. ஆபத்து. ஆபத்து. பாய், முக்கொம்புல கதவு திறந்தாச்சு. பத்தரைக்குத் திட்டு முழுகிடும். உடனே படகுல ஏறுங்கோ. ஓவர்."

விரலை எடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிமிஷம் ஒன்றை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"கரை... சாமி, பளிச்சுன்னு கேக்குது சாமி," என்றது தாஜுதீனின் குரல். அதில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. பிறகு விஷயம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். "கெளம்பறோம். ஏரியலைப் புடுங்கிட்டு, மணல்ல பெட்டியைத் தள்ளி வச்சிருக்கேன், அதையும் எடுத்துக்கிட்டு..."

"பெட்டி வேண்டாம்! விட்டுட்டு வாங்கோ! நீங்க வந்தாப் போறும்! ஓவர்."

அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிஷம் மைக் அவர் உதட்டை விட்டு நகரவில்லை. இடது காதில் டெலிபோன், வாயில் மைக். தண்ணீர் எந்த ஊரைத் தாண்டியது என்று இங்கே கேட்டு அங்கே சொன்னார். தெற்குக் கரையை ஒட்டி வரச் சொன்னார். எஞ்சின் ஒருமுறை நின்று, பிச்சமுத்து நாலு தடவை கயிறு இழுத்து, மறுபடி பிடித்தது. பத்து இருபத்தெட்டுக்குப் படகு படித்துறையில் முட்டியது. பத்து நாற்பதுக்குக் கீழ்ப் படிகள் ஏழும் தண்ணீருக்குள் போயின. பினாங்கிலிருந்து கொண்டுவந்த கருவிப் பெட்டி அப்போது எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது என்று டெலிபோனில் யாரும் சொல்லவில்லை.

தாஜுதீன் முழங்கால் வரை சேறோடு அறைக்குள் வந்தார். உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு தடவை "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னார். அடுத்த வாக்கியத்தில் கேட்டார்:

"செட்டுல எதைத் திருப்பினீங்க சாமி?"

"ஒண்ணும் திருப்பலை பாய்," என்றார் அழகியமணவாளன்.

இரண்டு மணிக்குப் பிலோமின்ராஜிடம் செட்டை ஒப்படைத்துவிட்டு நேராக வீட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றார். அவர் மனைவி வத்ஸலா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னன்னா, இந்த வேளையில?"

"எச்சில் பட்டுடுத்து."

"யாரோடது?"

அழகியமணவாளன் யோசித்துப் பார்த்தார். பிலோமின்ராஜ், பாய், செட்டின் திறப்பு விழாவில் ஹலோ ஹலோ என்ற இன்ஜினியர், துறைமுகத்தில் யார் யாரோ. "எல்லாரோடதும்," என்றார்.

வத்ஸலா வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தி ஊற்றினாள். ஊற்றுகிற தண்ணீருக்கு நடுவில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சாரல், ஒரு சாண், பனி, பேரீச்சம்பழம், திட்டு. நாலாவது வாளியில் கதை முடிந்தது. வத்ஸலா வாளியைக் கீழே வைத்தாள்.

"குளிச்சாப் போறதுதானேன்னா இது? முதல் நாளே கிட்ட வச்சுப் பேசிட்டு, இறங்கி ஒரு முழுக்குப் போட்டிருக்கலாமே. ஆபீஸ் வாசல்லேர்ந்து இருபதடியில கொள்ளிடம் ஓடிண்டிருக்கு. அந்த மனுஷன் மூணு தடவை கம்பம் ஏறினாரே."

அழகியமணவாளன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். இரண்டு மாசமாக ஊமை மைக், கடிதம், குரல் என்று என்னென்னவோ யோசித்தவருக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மறுநாள் காலை பழுதுப் புத்தகத்தை எடுத்து, காலியாக இருந்த பதினோரு காரணக் கட்டங்களிலும் எழுதினார். 'இயக்குபவர் மைக்கை எச்சில் கருதி ஒரு சாண் தூரத்தில் பிடித்தது. - அழகியமணவாளன்.' பதினோரு கையெழுத்து. தாஜுதீன் யாரிடமோ கேட்டு வாங்கிய திருப்புளியோடு வந்தபோது, புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார். தாஜுதீன் விரல் வைத்து முதல் வரியைப் படித்தார். பதினோராவது வரை விரல் கீழே இறங்கியது.

"கம்பம் ஏறினதை விடுங்க சாமி," என்றார். "பெட்டி போனதும் போகட்டும். ஆனா ரெண்டு மாசமா என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கடைக்கு வர்ற ரேடியோவையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பிட்டேன், நம்மகிட்ட வந்து இன்னும் கெட்டுப் போயிடக் கூடாதுன்னு."

அந்த நேரம் படகு கூப்பிட்டது. தாஜுதீன் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கை இரண்டு விரல்கடையில் பிடித்து நீர்மட்டம் கேட்டார். "பளிச்சுன்னு கேக்குது சார்," என்றான் பிச்சமுத்து. தாஜுதீன் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். இரண்டு மணிக்கு அழகியமணவாளன் கொள்ளிடத்தில் இறங்கி முழுக்குப் போட்டார். மூன்றாவது குளியல் அன்றைக்கு ஆரம்பித்தது. தர்மராஜ் விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தார், எச்சரிக்கை ஒன்றும் பதிவேட்டில் ஏறியது. இரண்டாவது மைக் அறுபத்தாறில் வந்து சேர்ந்தபோது, உபரியாக இருக்கட்டும் என்று அதை அழகியமணவாளன் படகுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலக்கரைக்கு டவுன் பஸ் ஏறினார். ஆடியிலிருந்து அது பேசவில்லை. வாசலில் அவரைப் பார்த்த தாஜுதீன் வாங்க என்று சொல்லவில்லை. ரேடியோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பக்கத்துக் கடையில நல்லாப் பாப்பாங்க," என்றார்.

"நீங்க பாக்கணும் பாய்."

"நெசமாவே பழுதா?"

"நிஜமாவே பழுது. மைக் கிடையாது இதுல."

தாஜுதீன் சிரிக்கவில்லை. பின்பக்கத்தைக் கழற்றி, தலையை உள்ளே விட்டார். அழகியமணவாளன் நின்றுகொண்டே இருந்தார். கால்மணி நேரத்துக்குப் பிறகு தாஜுதீன் கருகி வெடித்த ஒரு கண்டன்சரை இடுக்கியில் பிடித்து வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பழுதுன்னா இதுதான் சாமி பழுது," என்றார். "உக்காருங்க."

அழகியமணவாளன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.